ஆளுக்கு இரண்டு ரூபாய்

போன பொங்கலுக்கு வதோதராவில் நம் தமிழ்ச் சங்கத்துப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து இலைக்காரர் திருப்பூர்க்காரர். இங்கே பல வருடங்களாக இட்லி தோசை மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறார். நல்ல உழைப்பாளி. சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் மெதுவாக ஆரம்பித்தார்.

"சார், நம்ம கம்பெனிக்கு ஒரு வீடியோ எடுக்கலாம்னு இருக்கேனுங்க. நாலு நிமிசம். ரெண்டே கால் லட்சம் கேக்கறாங்க. முத்ரா லோன்ல சேத்துப் போட முடியுங்களா?"

பேங்க்காரனைப் பந்தியில்கூட விடமாட்டார்கள் :-)

"எதுக்கு வீடியோ?" என்றேன்.

"எல்லாரும் வெச்சிருக்காங்களே சார்."

"யார் பார்க்கறதுக்கு?"

அவர் பதில் சொல்லவில்லை. அப்பளத்தை உடைத்தார். எனக்கும் சிரிப்பு வரவில்லை. காரணம், அதே கேள்வியை யாரும் கேட்காததால் நான் ஒரு காரியம் செய்திருக்கிறேன். அதைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் அலுவலகத்தில் கறவை மாட்டுக் கடனுக்கு ஒரு வீடியோ எடுக்க முடிவாயிற்று. ஆபீஸ் நோட் எழுதியது அடியேன். மூன்று கொட்டேஷன் வாங்கி, குறைந்த விலைக்காரருக்கு ஆர்டர் கொடுத்து, பில் பாஸ் செய்து, வவுச்சரில் கையெழுத்தும் போட்டேன். ஆடிட்டில் ஒரு குறை வரவில்லை. வீடியோவும் பளபளவென்று வந்தது. ஐந்து நிமிடத்தில் இரண்டு நிமிடம் பெரிய அதிகாரிகளின் உரை. மீதியில் எங்கள் கட்டிடம், கம்ப்யூட்டர், கைகுலுக்கல், கடைசியில் ஒரு எருமை.

ஒரு கிராமத்துக் கடன் முகாமில் அதைப் போட்டுக் காட்டினோம். முன்வரிசையில் பெண்கள். முடிந்ததும் ஒரு அம்மா எழுந்து குஜராத்தியில் கேட்டார்: "எருமை செத்துப்போச்சுன்னா இன்ஷூரன்ஸ் பணம் எத்தனை நாள்ல வரும்? காதுல மாட்டின வில்லை தொலைஞ்சுபோச்சுன்னா வருமா வராதா?"

ஐந்து நிமிடத்தில் அதற்கு ஒரு வார்த்தை பதில் இல்லை. அந்த வீடியோவை அந்த அம்மாவுக்காக நாங்கள் எடுக்கவேயில்லை, எங்களுக்காக எடுத்துக்கொண்டோம். அதற்கு அப்புறம் அது எங்கே போடப்பட்டது என்று எனக்கு நினைவில்லை. ஏதோ ஒரு பென் டிரைவில் இருக்கும்.

இத்தனைக்கும் நான் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து ஆனந்த் முக்கால் மணி நேரம். தொழிலுக்காகப் படம் எடுப்பது எப்படி என்று ஊர் உலகத்துக்கே பாடம் சொன்ன ஊர் அது. 'மந்தன்' படத்தின் கதையைச் சொல்கிறேன். படத்துக்குள் இருக்கும் கதையோடு, அதற்குப் பணம் வந்த கதையும் தெரியவேண்டும். பி.காம் படித்தவனுக்கு அதுதான் ருசி.

முதலில் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். தொழில் நிறுவனங்கள் படம் எடுக்கச் சொல்லிக் காசு கொடுப்பது புது வழக்கம் இல்லை. 1922-ல் ராபர்ட் ஃப்ளாஹர்ட்டி எடுத்த 'நானூக் ஆஃப் த நார்த்' ஆவணப்பட உலகத்துக்கே முன்னோடி என்பார்கள். அதற்குப் பணம் கொடுத்தது ரெவியோன் ஃப்ரேர் என்ற பிரெஞ்சுக் கம்பெனி. விலங்குத் தோல் வியாபாரம் செய்தவர்கள்.

நமக்குக் கொஞ்சம் நெருக்கமான இன்னொரு படம், 1934-ல் வந்த 'சாங் ஆஃப் சிலோன்'. சிலோன் தேயிலைப் பிரசார வாரியம் எடுக்கச் சொன்ன படம். அவர்கள் கேட்டது நாலு சின்னச் சுற்றுலாப் படங்கள். இயக்குநர் பேசில் ரைட் கடைசியில் கொடுத்தது நாலு பகுதி உள்ள ஒரே படம். 1935-ல் பிரஸ்ஸல்ஸில் பெரிய பரிசும் வாங்கியது. மூன்றாவது பகுதியில் தேயிலை பறிப்பவர்கள் வருகிறார்கள். உழைப்பவர்களின் காட்சிகளுக்கு மேலே வியாபாரக் குரல்கள் சந்தை விலையைச் சொல்லிக்கொண்டே போகும். அந்த வாரியத்தின் பணம் ஏற்றுமதியாகும் தேயிலை மீது போட்ட வரியிலிருந்து வந்தது. அந்தத் தேயிலையைப் பறித்தவர்கள் பெரும்பாலும் நம் ஊர்களிலிருந்து போன தமிழர்கள். அவர்கள் பறித்த இலையில்தான் அந்தப் படம் எடுக்கப்பட்டது. ஆனால் படம் அவர்களுக்காக எடுக்கப்பட்டது இல்லை, தேயிலை வாங்குகிறவர்களுக்காக எடுக்கப்பட்டது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனந்துக்கு வந்ததும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஆனந்த் கதை பலருக்குத் தெரிந்திருக்கும், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேடா மாவட்டத்துப் பாலை போல்சன் என்ற தனியார் நிறுவனம் வாங்கிப் பம்பாய்க்கு அனுப்பிக்கொண்டிருந்தது. விவசாயிக்குக் கிடைத்த விலை அடிமாட்டு விலை. சர்தார் படேலிடம் போனார்கள். நீங்களே கூட்டுறவு வைத்துக்கொள்ளுங்கள் என்றார் அவர். 1946 ஜனவரியில் சமர்கா கிராமத்தில் மொரார்ஜி தேசாய் கலந்துகொண்ட கூட்டத்தில் முடிவாகி, பதினைந்து நாள் பால் கொடுக்காமல் வேலைநிறுத்தம். அதே வருடம் டிசம்பரில் கேடா மாவட்டப் பால் உற்பத்தியாளர் சங்கம் பதிவானது. தலைவர் திரிபுவன்தாஸ் படேல். பிற்பாடு அமுல் என்று நாம் அறிந்தது இதுதான்.

1949-ல் வர்கீஸ் குரியன் ஆனந்துக்கு வந்தார். கோழிக்கோட்டில் பிறந்தவர் என்றாலும் படித்தது நம் சென்னையில்: லயோலாவில் இயற்பியல், கிண்டியில் பொறியியல். அரசாங்க உதவித்தொகையில் அமெரிக்கா போய்ப் படித்ததற்காக ஆனந்தில் அரசு பால் பண்ணையில் வேலை பார்த்துக் கழிக்கவேண்டிய கட்டாயம். எப்போது விடுவார்கள், பம்பாய்க்கு ஓடலாம் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தவர். பாஷை தெரியாது. பால் குடிக்கும் பழக்கமும் கிடையாது. (வேண்டாத ஊருக்கு டிரான்ஸ்ஃபர் ஆன பேங்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால் மனசைத் தேற்றிக்கொள்ளலாம்.) கடைசியில் ஆனந்திலேயே தங்கி, 1965-ல் தேசியப் பால்வள வாரியம், 1970-ல் ஆபரேஷன் ஃப்ளட் என்று நாடு முழுக்க அந்த மாதிரியைக் கொண்டுபோனார்.

சினிமா வந்தது இங்கேதான். மற்ற மாநிலக் கிராமங்களுக்குப் போய், "நீங்களும் சங்கம் வையுங்கள்" என்று எப்படிச் சொல்வது? எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நிறைய. நோட்டீஸ் அச்சடித்து என்ன பயன்? அதனால் ஆவணப்படங்கள் எடுத்தார்கள். எடுத்தவர்களில் ஒருவர் ஷியாம் பெனகல்.

பெனகலும் விளம்பரத் துறையிலிருந்து வந்தவர்தான். 1959-ல் பம்பாய் லிண்டாஸில் விளம்பர வாசகம் எழுதச் சேர்ந்தார். நூற்றுக்கணக்கான விளம்பரப் படங்களும் குறும்படங்களும் எடுத்தார். 1962-ல் அவர் எடுத்த முதல் ஆவணப்படம் குஜராத்தியில். முதல் முழுநீளப் படமான 'அங்குர்' (1974) எடுக்கப் பல வருடம் தயாரிப்பாளர் கிடைக்காமல் அலைந்தார். கடைசியில் பணம் போட்டது பிளேஸ் என்ற விளம்பரப் பட விநியோக நிறுவனம். ஆக, காசு கொடுப்பவர் எதிர்பார்ப்பது என்ன, படம் கேட்பது என்ன, இரண்டும் எங்கே முட்டிக்கொள்ளும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

அந்த அனுபவத்தில்தான் பெனகல் குரியனிடம் ஒரு யோசனை சொன்னார். இந்த ஆவணப்படங்களை ஏற்கெனவே நம்மை ஒத்துக்கொண்டவர்கள்தான் பார்ப்பார்கள். மற்றவர்களும் பார்க்கவேண்டும் என்றால் கதைப்படம் எடுக்கவேண்டும். குரியனுக்குப் பிடித்தது. எவ்வளவு ஆகும் என்று கேட்டார். பத்து லட்சம் அளவில் கணக்கு வந்தது.

இனிமேல்தான் விஷயம். சங்கத்துப் பணத்தில் பத்து லட்சத்தை எடுத்து சினிமாவில் போட முடியாது. அது உறுப்பினர்களுடைய பணம். சரி, அப்படியானால் உறுப்பினர்களிடமே கேட்டுவிடுவோம் என்றார் குரியன். அப்போது குஜராத் கூட்டுறவுகளில் ஐந்து லட்சம் விவசாயிகள். காலையும் மாலையும் பால் ஊற்ற வருவார்கள். ஒரு தடவை மட்டும் பால் காசில் இரண்டு ரூபாய் குறைவாக வாங்கிக்கொள்ளுங்கள், நம்மைப் பற்றி ஒரு படம் எடுப்போம் என்று கேட்கப்பட்டது. எட்டு ரூபாய்க்குப் பதில் ஆறு ரூபாய் என்று பெனகல் பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஐந்து லட்சம் பேர், ஆளுக்கு இரண்டு ரூபாய், பத்து லட்சம். முடிந்தது.

பொதுவாக இதைக் கேட்பவர்கள் "அடடா, ஏழை விவசாயிகள் சினிமா எடுத்தார்களே" என்று நெகிழ்வார்கள். எனக்கும் நெகிழ்ச்சி உண்டு. அதைவிட அதிக ஆச்சரியம் அந்த வசூல் முறை. நீங்களே யோசியுங்கள். ஐந்து லட்சம் பேரிடம் ரசீதுப் புத்தகத்தோடு போய் இரண்டிரண்டு ரூபாய் வாங்கினால் வசூல் செலவே வசூலைத் தின்றுவிடும். எங்கள் தொழிலில் சின்னக் கணக்குகளின் தலைவலியே அதுதான். ஆனால் ஒவ்வொரு ஊர் தூத் மண்டலியிலும் தினமும் யார் எத்தனை பால், எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு காசு என்று பேரேடு எழுதப்படுகிறது. அதில் ஒரே ஒரு பற்று வரி எழுதினால் போதும். வசூல் செலவு பூஜ்யம். முப்பது வருடம் ஒழுங்காகக் கணக்கு எழுதிய சங்கத்துக்குத்தான் அப்படி ஒரு படம் எடுக்க முடிந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மண்டலியில் எல்லோரும் சரி என்று சொல்லும்போது, ஒரு எருமை வைத்திருக்கிற விதவை அம்மா "என் இரண்டு ரூபாயைக் கொடுங்கள்" என்று கேட்டிருக்க முடியுமா? அந்தக் காலத்து இரண்டு ரூபாய் அவருக்குச் சின்னத் தொகை இல்லை. தேயிலை மீது போட்ட வரிக்கும் பால் காசில் பிடித்த இரண்டு ரூபாய்க்கும் என்ன வித்தியாசம் என்று யாராவது கேட்டால் நியாயமான கேள்விதான். வித்தியாசம் பணம் பிடித்த விதத்தில் இல்லை, அதற்குப் பிறகு நடந்ததில் இருக்கிறது.

படத்துக்கு ஆள் சேர்ந்ததைப் பாருங்கள். திரைக்கதை விஜய் டெண்டுல்கர், வசனம் கைஃபி ஆஸ்மி, கேமரா கோவிந்த் நிஹலானி, இசை வன்ராஜ் பாட்டியா. நடிகர்கள் கிரிஷ் கர்னாட், ஸ்மிதா பாட்டீல், நசீருதீன் ஷா, அம்ரீஷ் புரி, குல்பூஷன் கர்பந்தா. ராஜ்கோட் பக்கத்தில் சங்கன்வா என்ற கிராமத்தில் போய்த் தங்கி எடுத்தார்கள். அங்கே குடிசையில் இருந்து வரட்டி தட்டவும் எருமை கறக்கவும் கற்றுக்கொண்டதாக நசீருதீன் ஷா சொல்லியிருக்கிறார். பிரீத்தி சாகர் பாடிய பாட்டை நீங்கள் கட்டாயம் கேட்டிருப்பீர்கள். பிற்காலத்தில் டிவியில் அமுல் விளம்பரத்துக்கு அதே பாட்டுதான்.

கதை என்ன? டாக்டர் ராவ் என்ற கால்நடை மருத்துவர் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பிக்க ஒரு கிராமத்துக்கு வருகிறார். மிஸ்ரா என்ற தனியார் பால் பண்ணைக்காரர் எதிர்க்கிறார். ஊர்த் தலைவர் சங்கத்தைத் தன் கைக்குள் வைத்துக்கொள்ளப் பார்க்கிறார். ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த போலா என்ற கோபக்கார இளைஞன் வெளியூர் ஆபீசர்கள் யாரையும் நம்பத் தயாராக இல்லை. சங்கத் தேர்தலில் ஊர்த் தலைவர் தோற்கிறார். அதோடு சுபம் போட்டுவிடலாம் இல்லையா? போடவில்லை. ராவுடன் வந்தவர்களில் ஒருவர் ஊர்ப் பெண்ணிடம் தப்பாக நடந்து திருப்பி அனுப்பப்படுகிறார். ராவ் மேலேயே பொய்ப் புகார் வருகிறது. மாற்றல் உத்தரவு வருகிறது. அவர் போய்விடுகிறார். போலாவும் ஊர்க்காரர்களும் சங்கத்தைத் தாங்களே நடத்த முயல்கிறார்கள். அவ்வளவுதான்.

காசு கொடுத்து எடுக்கச் சொன்னவர்களின் படம் இது என்பதை மறக்காமல் இன்னொரு முறை நினைத்துப் பாருங்கள். எங்கள் அலுவலகமாக இருந்திருந்தால்? "ஆபீசர் தோற்றுப் போகக்கூடாது, மாற்றவும்." "சாதிப் பிரச்சினை வேண்டாம், நீக்கவும்." "நம் ஊழியர் தப்பு செய்வதாகக் காட்டுவது நிறுவனத்தின் பெயருக்கு உகந்ததல்ல." இப்படி மூன்று குறிப்பு எழுதி, படத்தைக் கொன்று, வெற்றிகரமாகக் கோப்பை மூடியிருப்போம். நானே எழுதியிருப்பேன்.

அங்கே அப்படி வெட்டாமல் விட்டதால்தான் பார்த்த விவசாயி நம்பினார். எந்த ஊரில் சங்கம் ஆரம்பித்தாலும் ஊர்ப் பெரியவர் குறுக்கே நிற்பார், மேல்சாதி கீழ்சாதி என்று வரிசையில் தகராறு வரும், நல்ல ஆபீசர் ஒருநாள் மாற்றலாகிப் போவார். இதெல்லாம் அவருக்குத் தெரியும். தெரிந்ததை மறைத்தால், தெரியாததைச் சொன்னாலும் நம்பமாட்டார்.

1976-ல் படம் வந்தது. ஆரம்பத்திலேயே ஐந்து லட்சம் குஜராத் விவசாயிகள் வழங்கும் படம் என்று போட்டார்கள். கிராமங்களிலிருந்து லாரி லாரியாக ஆட்கள் டவுனுக்கு வந்தார்கள், தாங்கள் எடுத்த படத்தைப் பார்க்க. முதல் போட்டவர்களே டிக்கெட்டும் வாங்கினார்கள்! இந்தியில் சிறந்த படத்துக்கான தேசிய விருதும், டெண்டுல்கருக்குத் திரைக்கதை விருதும் கிடைத்தன. ஆஸ்கருக்கும் இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டது.

விருதோடு வேலை முடிந்ததாக குரியன் நினைக்கவில்லை. 16 எம்.எம். பிரதிகள் போட்டு மற்ற மாநிலக் கிராமங்களுக்கு அனுப்பினார். பின்னால் வீடியோ கேசட்டிலும் போனது. வெறும் படப்பெட்டி மட்டும் போகவில்லை. கூடவே ஒரு கால்நடை மருத்துவர், ஒரு பால் தொழில்நுட்பக்காரர், ஒரு தீவன நிபுணர் என்று ஒரு குழுவும் போனது, படத்தில் வருகிற மாதிரியே. படம் முடிந்து ஜனங்கள் கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் அங்கேயே நின்றார்கள். எங்கள் முகாமில் அந்த அம்மா எருமை இன்ஷூரன்ஸ் கேட்டபோது முழித்தேனே, அந்த இடம்தான் எனக்கு இங்கே உறுத்துகிறது. படம் எடுக்க பட்ஜெட் போட்டோம், காட்டுவதற்கும் பதில் சொல்வதற்கும் ஒரு பைசா போடவில்லை.

தேயிலைக்கும் பாலுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். இரண்டிலும் பணம் உழைத்தவர்களின் பொருளிலிருந்து வந்தது. ஒன்றில் அவர்கள் திரையில் மட்டும் இருந்தார்கள். மற்றதில் திரையிலும் இருந்தார்கள், கொட்டகையிலும் இருந்தார்கள், முதல் எழுத்திலும் இருந்தார்கள்.

இந்தக் கதைக்கு ஒரு பின்பகுதி உண்டு, அதில் நம் ஊர் வருகிறது. நாற்பது வருடத்துக்கு மேல் ஆனதில் நெகடிவ் கெட்டுப் போயிருந்தது. ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் அதைச் சீர்படுத்தியது. அந்த வேலையில் பெரும்பங்கு நடந்தது சென்னையில், பிரசாத் நிறுவனத்தில். செலவை ஏற்றது அமுலை விற்கும் அதே குஜராத் கூட்டுறவுக் கூட்டமைப்பு. 2024 மே மாதம் கான் திரைப்பட விழாவில் திரையிட்டார்கள். ஜூனில் உலகப் பால் தினத்தை ஒட்டி மறுபடி திரையரங்குகளுக்கு வந்தது. குரியன் 2012-லேயே போய்விட்டார். பெனகல் 2024 டிசம்பரில் காலமானார். சீரான படத்தை உலகம் பார்த்ததை அவராவது இருந்து தெரிந்துகொண்டாரே என்று ஒரு ஆறுதல்.

நான் இங்கே தியேட்டரில் போய்ப் பார்த்தேன். எனக்கு முன்வரிசையில் ஒரு தாத்தாவும் பேரனும். அந்த ஐந்து லட்சம் எழுத்து வந்தபோது தாத்தா பேரன் தோளைத் தட்டித் திரையைக் காட்டினார். அவர் பால் ஊற்றியவரா, இல்லை வெறுமனே குஜராத்திப் பெருமையா, நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

சரி, மாவுக்காரருக்கு வருவோம். போன வாரம் வீட்டுக்குப் போய்ப் பேசினேன். லோன் கிடைக்குமா கிடைக்காதா என்பது அப்புறம், முதலில் ஒரு தாளில் நாலு கேள்விக்குப் பதில் எழுதுங்கள் என்றேன். யார் பார்க்கப் போகிறார்கள்: கடைக்காரரா, வீட்டு அம்மாவா, கல்யாண காண்டிராக்டரா? பார்த்த பிறகு அவர் என்ன செய்யவேண்டும்? வெயில் காலத்தில் மாவு சீக்கிரம் புளித்துப் போகிறதே, அந்தக் குறையை வீடியோவில் நேராகச் சொல்லத் தைரியம் உண்டா? எடுத்த வீடியோவை யார், எங்கே, எத்தனை தடவை காட்டப் போகிறார்கள், அதற்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள்? கூடவே ஒன்று: எடுத்த காட்சிகள் முழுக்க உங்களிடம் ஒப்படைக்கவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். நெகடிவ் பத்திரமாக இருந்ததால்தான் ஐம்பது வருடம் கழித்து ஒரு படம் திரும்பி வந்தது.

அவர் தலையைச் சொறிந்துகொண்டார். "வீட்டம்மாதானுங்க பாக்கோணும். ஆனா அந்த கம்பெனிக்காரங்க என்னைய கோட்டு போட்டு நிக்கச் சொல்றாங்க."

உள்ளே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவரிடம் வேலை பார்க்கும் நாலு குஜராத்திப் பெண்கள் மாவைப் பாக்கெட்டில் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். விடிகாலை நாலு மணிக்கு வருகிறவர்கள். வீடியோ விஷயம் அவர்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் 'மந்தன்' போட்டுக் காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அந்த நாலு பேரையும் அழைத்துக்கொண்டு வரச் சொன்னேன். என் மனைவி அத்தனை பேருக்கும் டிபனுக்கு ஒத்துக்கொண்டுவிட்டாள். மாவு அவர் கொண்டுவருவதாக ஏற்பாடு.